வந்து மறையும் வாதம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் யாம் நின்றபோதெல்லாம் இலக்கியமே பேசியுள்ளோம். இம்முறை நம் காரியதரிசியவர்கள், "இலக்கியம் அடுத்த திங்களுக்கு இருக்கட்டும், இருதய நோய்க்காக இரத்தம் நீர்க்கும் மாத்திரை உண்பவர்கள் நம் குடும்பங்களிற் பலர் இருக்கின்றனர், அவர்கட்கு வந்து போகும் சிறுவாதத்தைப்பற்றி எல்லார்க்கும் விளங்கும்படி சொல்லுங்கள்" என்று பணித்தார்கள். மருத்துவர் பேசவேண்டுவதைத் தமிழாசிரியர் பேசுவதா என்று முன்வரிசையிற் சிலர் புன்முறுவல் செய்வது எமக்குத் தெரிகின்றது. இன்னார்க்கு இன்ன மருந்து, இத்துணை அளவு என்று விதிப்பது எம் வேலையன்று; விதிக்கவும் மாட்டோம். ஆயினும் இந்நோயின் திறத்தில் நம்மவர் இடர்ப்படுவதற்குச் சொற்களும் ஒரு காரணமாயிருக்கின்றன. வாதம் என்கின்றோம், சிறியது என்கின்றோம், வந்து போய்விட்டது என்கின்றோம், இரத்தம் நீர்க்கும் மருந்து என்கின்றோம். இச்சொற்கள் நம்மை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துச் சென்று வழிதவறச் செய்கின்றன. சொல்லுக்குப் பொருள் காண்பது எம் தொழிலாதலின், இங்கு நின்று பேசும் உரிமை எமக்கும் சிறிது உண்டு.

வாதம் என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். உடம்பில் வாதம், பித்தம், சிலேத்துமம் என மூன்று கூறு கண்ட நம் முன்னோர், கைகால் விளங்காமற் போவதை வாதத்தின் மிகுதி என்றனர். பக்கவாதம், பாரிசவாயு என்னும் பெயர்கள் அங்ஙனம் வந்தவை. அப்பெயரைக் கேட்டவுடன் நம் கை எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுகின்றது. குளிர்காற்றுப் பட்டது, தேய்த்தால் தீரும் என்கின்றோம். புறாவின் குருதியைத் தடவும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. நோயோ கையிலும் இல்லை, காலிலும் இல்லை, மூளையில் இருக்கின்றது. மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும், அன்றி அக்குழாய் உடைந்து இரத்தம் கசிந்தாலும், அப்பகுதியால் ஆளப்படும் கையோ, காலோ, நாவோ, கண்ணோ தன் தொழிலை இழக்கின்றது. தெருக்கம்பத்தில் கம்பி அறுந்து கிடக்க, வீட்டுவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தால் ஒளி வருமா?

குழாயின் அடைப்பு நெடுநேரம் நின்றால் அப்பகுதி மூளை மாய்ந்துவிடும். சிறிய இரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்து, சிறிது போதில் தானே கரைந்து விலகினால், இழந்த தொழில் திரும்பிவிடும். இதுவே சிறுவாதம் எனப்படுவது. 24 மணிக்குள் மாறுவதெல்லாம் இதன்பாற்படும் என்று முன்னர் வரையறுத்திருந்தனர். உண்மையிற் பெரும்பாலானவை ஒருமணி நேரத்துக்குள், பலவும் சில நிமிடங்களிலேயே மாறிவிடுகின்றன. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர்கள், கடிகாரத்தைக் கொண்டு அளப்பதை விட்டு, மூளையிற் சேதம் தங்கிற்றா என்பதைக் கொண்டே பெயரிடுதல் வேண்டும் என்றனர். கைகால் முற்றும் சரியாகிவிட்டவர் சிலர்க்கும், நுண்ணிய படம் எடுத்துப் பார்க்குமிடத்து மூளையில் வடு இருப்பது தெரியவந்ததே அதற்குக் காரணம். ஆகவே 'போய்விட்டது' என்று நாம் கூறுவது, கண்ணுக்குத் தெரிந்த அளவிற்குத்தான் மெய்.

உலகறிந்த ஒருவரையே எடுத்துக்காட்டாகக் கூறுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராயிருந்த ஐசனோவர் 1955-ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்களில் டென்வர் நகரில் மாரடைப்புற்றார். அவர்க்கு அளித்த மருந்துகளுள் வார்பரின் என்னும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தும் ஒன்று. அவர் தேறி எழுந்து 1956-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், மொராக்கோ நாட்டு மன்னரை விமான நிலையத்தில் வரவேற்றுத் தம் அலுவலகத்துக்கு மீண்டு மேசைமுன் அமர்ந்தார். தலை சுழன்றது, எழுதுகோல் கையில் நிற்கவில்லை, பேச முயன்றால் நினைத்த சொல் ஒன்று, வாயில் வந்த சொல் மற்றொன்று. வலியென்று கூறுதற்கு ஒன்றுமில்லை. மூளையின் இடப்பக்கத்துச் சிறு குழாயொன்றின் அடைப்பு என்று மருத்துவர் கண்டனர். சில நாட்களில் எழுந்து தேவாலயம் சென்றார். டிசம்பரிற் பாரிசு மாநகரில் நடந்த நேட்டோ மாநாட்டிலும் கலந்துகொண்டார். பேச்சிற் சொல் மாறி வருவது மட்டும் அதற்குப் பின்னும் சிறிது இருந்தது. அங்ஙனம் எச்சம் தங்கியமையால், அவர்க்கு வந்தது இன்றைய வரையறைப்படி சிறுவாதத்தினும் ஒருபடி மேற்பட்டதேயாம். எனினும் அது தொடங்கிய வகை நாம் கருதத்தக்கது. நெஞ்சுவலி வந்தால் எவரும் அஞ்சி ஓடுவர்; வலியின்றி வருவதாலேயே இதனை நாம் பொருட்படுத்துவதில்லை.

சிறியது என்னும் சொல்லையும் சிறிது ஆராய்வோம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கலிபோர்னிய ஆராய்ச்சியொன்றில், சிறுவாதம் வந்து மருத்துவமனையின் அவசரப் பகுதியிற் காட்டியவர்களை 90 நாட்கள் தொடர்ந்து கவனித்தனர். நூற்றுக்குப் பத்துப்பேர்க்கு மேல், அந்த 90 நாட்களுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு வந்தது முதல் 2 நாட்களுக்குள். நாமோ, "இன்று வெள்ளி, திங்கட்கிழமை வழக்கமான மருத்துவரிடம் போகலாம்" என்கின்றோம். அஞ்சவேண்டிய அந்த இரண்டு நாட்களையே வீட்டிற் கழித்துவிடுகின்றோம். 2007-இல் ஆக்சுபோர்டில் நிகழ்ந்த ஆராய்ச்சியோ நம்பிக்கை தருவது. காத்திருக்க விடாமல் உடனே ஆராய்ந்து உடனே மருந்து தொடங்கும் முறையை மேற்கொண்டபோது, 90 நாட்களில் மீண்டும் வாதம் வருவது நூற்றுக்குப் பத்து என்பதிலிருந்து இரண்டாகக் குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடித்தாரல்லர்; இருந்த மருந்துகளையே காலந்தாழ்க்காமல் கொடுத்தனர்.

இனி, இருதயத்துக்கும் மூளைக்கும் இடையே என்ன உறவு என்று கேட்பீர்கள். சிலர்க்கு இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. நாடியைப் பிடித்துப் பார்த்தால் தாளம் தவறிய மத்தளம்போல் இருக்கும். அந்நிலையில் இடப்பக்கத்து மேலறையில், சிறப்பாக அதன் ஓரத்திலுள்ள சிறு பை போன்ற இடத்தில், இரத்தம் தேங்கி உறைகின்றது. உறைந்த கட்டி ஓட்டத்திற் புறப்பட்டால் கழுத்துவழியே மூளைக்குச் செல்லுதல் எளிது. அமெரிக்க நாட்டில் பிரேமிங்காம் என்னும் ஊராரை 1948 முதல் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகின்றனர். இத்துடிப்புக்கேடு உடையார்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 1991-இல் அங்கிருந்து அறிவித்தனர். மற்றொரு வகையார், இருதயக் கதவமாகிய வால்வு பழுதுற்று உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள். உலோகத்தின்மேல் இரத்தம் உறையும் இயல்பினது. நம் நாட்டிலேயே திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தார் இத்தகைய வால்வு ஒன்றை அமைத்து 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். அதன்பின் பல்லாயிரவர் அதனாற் பிழைத்திருக்கின்றனர். பிழைத்தவர் அனைவரும் வாழ்நாள் முழுதும் உறைவைத் தடுக்கும் மருந்து உண்ணவேண்டியவரே.

ஈண்டுத் தாய்மார்க்கு ஒரு சொல். நம் நாட்டில் இளவயதினர்க்கு வால்வு பழுதுறுவதற்குப் பெரிதும் காரணம் குழந்தைப் பருவத்துத் தொண்டைப்புண். எல்லாத் தொண்டைப்புண்ணும் அன்று. ஒருவகைக் கிருமியால் வருவது. அதனைக் கவனியாது விட்டால் சிலர்க்கு ருமாட்டிக் காய்ச்சல் கண்டு, மூட்டுகள் வீங்கி, மூட்டுவீக்கம் தணிந்தபின்னும் வால்வில் வடு நின்றுவிடும். எம் வகுப்பில் விளையாட்டின்போது விரைந்து மூச்சிரைக்கும் பிள்ளைகளைக் காணும்தோறும் இஃது எம் நினைவுக்கு வருகின்றது.

இப்போது அந்த மருந்தின் பெயருக்கு வருவோம். இரத்தம் நீர்க்கும் மருந்து என்பது முற்றும் பொருந்தாப் பெயர். பாலில் நீர் கலந்தாற்போல் இரத்தத்தை அது நீர்க்கச் செய்வதில்லை. இரத்தத்தின் செறிவும் நிறமும் சத்தும் முன்போலவே இருக்கும். உறையும் விரைவை மட்டும் குறைக்கின்றது. பெயரைக் கேட்டுத் தம் இரத்தம் தண்ணீராகின்றது என்று அஞ்சி, உடம்பு தளர்ந்தால் இம்மாத்திரையே காரணம் என்று கருதி, வாரத்துக்கு இரண்டு நாள் தாமே நிறுத்திக்கொள்ளும் பெரியோர் உளர். 'நீர்த்துவிட்ட இரத்தத்திற் கட்டி எங்கிருந்து வரும்?' என்று எண்ணி, கை மரத்தாலும் கவலையின்றி இருப்பவரும் உளர். ஒரு சொல்லே ஒருவரை அஞ்சுவிக்கின்றது. மற்றொருவரை அச்சமின்றி உறங்கவும் வைக்கின்றது.

இம்மருந்து பிறந்த கதையும் கேட்கத்தக்கது. 1920-ஐ அடுத்த ஆண்டுகளிற் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், இனிப்புக் குளோவர் என்னும் தீவனப்பயிரைப் பூஞ்சை பிடித்த வைக்கோலாகத் தின்ற மாடுகள், சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் இறந்தன. 1933-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனிப்புயலின் நடுவே விஸ்கான்சின் மாநிலத்துக் குடியானவர் ஒருவர், இறந்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற்பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரும் அவர்தம் மாணாக்கரும் ஆண்டுகள் பல உழைத்து அவ்வைக்கோலின் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உண்டாக்கிய வார்பரின் 1948-இல் எலிகளைக் கொல்லும் மருந்தாகவும், 1954-இல் மனிதர்க்குரிய மருந்தாகவும் வெளிவந்தது. 'எலிநஞ்சையா எமக்குத் தருகின்றீர்?' என்று திடுக்கிட வேண்டா. அளவறிந்தால் மருந்து, அளவிறந்தால் நஞ்சு என்பது நம் பாட்டிமார்க்கும் தெரிந்த செய்தி.

அவ்வளவை அறிதற்கே ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை. 1983-இல் உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாட்டார்க்கும் பொதுவாக இவ்வெண்ணை ஏற்படுத்திற்று. மருந்துண்ணாதார்க்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். துடிப்புக்கேடு உடையார்க்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்றல் வேண்டும். இடப்பக்கத்து மைட்ரல் வால்வு உலோகமாயிருப்பின் அதனினும் சற்று உயர்வு. குறைந்தால் கட்டி, மிகுந்தால் இரத்தக்கசிவு. கீரையும் முட்டைக்கோசும் இம்மருந்தின் வலிமையைக் குறைப்பன. அதற்காகக் கீரையையே வெறுக்க வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஒரே அளவாக உண்டால் மருந்தின் அளவையும் அதற்கேற்ப அமைத்துவிடுவர். ஒரு திங்கள் முழுதும் கீரையே காணாது, ஆடிமாதத்தில் நாளும் முருங்கைக்கீரை உண்பதுதான் தீங்கு. மூட்டுவலி மாத்திரைகளையும், கிருமிகொல்லி மருந்துகளையும், பெயர் தெரியாத சூரணங்களையும் கேளாமல் இதனோடு கூட்டலாகாது.

2010-ஆம் ஆண்டு முதல் டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்னும் புதிய மருந்துகள் வந்துள்ளன. அவற்றுக்கு ஐ.என்.ஆர். சோதனை வேண்டுவதில்லை; கீரையும் தடையன்று. ஆனால் வார்பரினின் ஆற்றல் நிறுத்தியபின்னும் சில நாள் நிற்கும். இவற்றின் ஆற்றலோ ஏறக்குறைய ஒருநாளிற் போய்விடும். ஆதலின் இவற்றை ஒருவேளை மறந்தாலும் காவல் குன்றும். எல்லார்க்கும் இவை ஏற்பனவும் அல்ல. உலோக வால்வு உடையார்க்கு டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி, கட்டியும் கசிவும் மிகுந்தமையால் இடையிலே நிறுத்தப்பட்டு 2013-இல் அச்செய்தி வெளிவந்தது. ருமாட்டிக் நோயால் வால்வு பழுதுற்றுத் துடிப்புக்கேடும் உடையார்க்கு ரிவரோக்சபானை விடப் பழைய வகை மருந்தே நன்மை செய்தது என்று, நம் நாட்டு நோயாளரும் சேர்ந்த பெரிய ஆராய்ச்சி 2022-இற் காட்டிற்று. அடுத்த வீட்டார் உண்ணும் மாத்திரை விலையுயர்ந்ததாயிருப்பதால் நமக்கும் அதுவே நல்லது என்று துணிதல் பேதைமை.

'முறையாக மாத்திரை உண்பவர்க்கும் சிறுவாதம் வருமோ?' எனின், வரும். துடிப்புக்கேடு உடையார்க்கு வார்பரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றது. எஞ்சிய ஒரு பங்கு நிற்கின்றது. மேலும் மூளைக்குக் கட்டி வருதற்கு இருதயம் ஒன்றே இடமன்று. கழுத்து நாளங்களில் கொழுப்புப் படிந்து குறுகிய இடத்திலிருந்தும் வரும். இரத்த அழுத்தத்தாலும் நீரிழிவாலும் மூளைக்குள்ளேயே நுண்குழாய்கள் கெட்டும் வரும். இவை எல்லாவற்றுக்கும் அம்மாத்திரை காவலன்று. ஆயினும் நம் குடும்பங்களிற் பெரும்பாலும் யாம் காணும் காரணம் மிக எளியது: மாத்திரை வீட்டில் இருக்கும்; உண்பவர் கலியாணத்தில் இருப்பார்.

நம் உறவினருள் அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், துடிப்புக்கேட்டிற்காக இம்மருந்து உண்பவர், தைமாதத்தில் வெளியூர்த் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தார். யாமும் அதே பந்தியில் எதிர்வரிசையில் அமர்ந்திருந்தோம். சோற்றிற் சாம்பார் ஊற்றியாயிற்று. அவர் வலக்கை இலையின்மேற் கிடந்தது, எழவில்லை. பரிமாறுவோன், "இன்னும் சோறு வைக்கட்டுமா, ஐயா?" என்று கேட்டதற்கு அவர் கூறிய விடை எவர்க்கும் விளங்கவில்லை. வாயின் ஒருபுறம் சிறிது சாய்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, அவரே சிரித்துக்கொண்டு, "பயணக் களைப்பு" என்றார். சூழ இருந்தாரும் அவ்வாறே கூறி மோர் கொண்டுவரச் செய்தனர். அவர் மருமகள் மட்டும் மோரைத் தடுத்து, "மாமா, மாத்திரை எப்பொழுது உண்டீர்கள்?" என்று கேட்டாள். மாத்திரைப் பெட்டி மூன்று நாட்களாக ஊரில் அலமாரியில் இருப்பது அப்பொழுதுதான் வெளிப்பட்டது. அருகிருந்தார் ஒருவர், "என்னிடம் ஆஸ்பிரின் இருக்கின்றது" என்றார். மற்றொருவர், விட்டுப்போன மூன்று நாளைய மாத்திரையையும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார். அவள் இரண்டுக்கும் இசையாமல், தாலிகட்டு முடிந்த கையோடு வண்டி அமர்த்தி அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். பந்தியில் அமர்ந்த பெரியவரை எழுப்பிச் சென்றதாக அன்று அவளைக் குறைகூறினார் பலர். அவர் இன்றும் தம் கையால் உண்கின்றார்.

அவள் அவ்விரண்டையும் மறுத்தது ஏன் சரியென்பதை நீங்கள் நன்கு உணர்தல் வேண்டும். கை தளர்ந்ததும் வாய் கோணியதும் கட்டியாலும் நிகழும், கசிவாலும் நிகழும். உறைவைத் தடுக்கும் மருந்து உண்பார்க்கு மூளையிற் கசிவு நேர்தல் பிறரினும் எளிது. முன்னொரு நாள் தலையில் பட்ட சிறு அடியால் மெல்ல மெல்லத் தேங்கிய இரத்தமும் வந்து மறையும் தளர்ச்சியாகத் தோன்றுதல் உண்டு. எந்தப் பண்டிதரும், எந்த மருத்துவருமேகூட, முகத்தைப் பார்த்த அளவில் இன்னதென்று கூறவியலாது. சி.டி. படம் எடுத்தாலன்றித் தெரியாது. கசிவாயிருக்குமாயின் ஆஸ்பிரினும் இரட்டை மாத்திரையும் எரிகின்ற வீட்டில் எண்ணெய் ஊற்றியதாகும். அதுபோலவே, அச்சத்தால் மருந்தை அறவே நிறுத்திவிட்டால், கட்டியாயிருக்குமிடத்து அடுத்த கட்டிக்கு வாயில் திறந்துவிட்டதாகும். பல் பிடுங்குவதற்கும்கூட இம்மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. பல் மருத்துவர்க்கும் இருதய மருத்துவர்க்கும் தெரிவித்தே செய்யவேண்டும்.

ஆதலின் ஒருபக்கத்து முகமோ கையோ காலோ திடீரெனத் தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், பிறர் பேச்சு விளங்காமற் போனாலும், ஒருகண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தாலும், சட்டென நிலைதடுமாறினாலும் மணியைப் பாருங்கள்; எப்பொழுது தொடங்கிற்று என்பதை மனத்திற் கொள்ளுங்கள். வாயில் நீரோ காப்பியோ ஊற்றாதீர்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது மூச்சுக்குழலிற் செல்லும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 வண்டியை அழையுங்கள், சி.டி. படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வழியிலேயே சரியாகிவிட்டால் திரும்பிவிடாதீர்கள். நீரிழிவு உடையார்க்குச் சர்க்கரை மிகக் குறைந்தாலும் இவ்வாறு தோன்றலாம். அதனையும் அங்கேயே அறிவர். நோய் மாறாது நின்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் 4½ மணி நேரத்துக்குள் இடுவது வழக்கம். ஆனால் உறைவைத் தடுக்கும் மருந்தின் ஆற்றல் உடம்பில் நிற்பார்க்கு அவ்வூசி பெரும்பாலும் ஆகாது. அவர்கட்குச் சில வேளைகளில் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறை பயன்படும். எதனைச் செய்வது என்று மருத்துவர் துணிவதற்கு, எந்த மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்பொழுது உண்டது என்னும் மூன்றும் வேண்டும். நோயாளிக்கோ பேச்சு வாராது. உடன் வந்தவர்க்கு, "ஒரு சிறு வெள்ளை மாத்திரை" என்பதற்குமேல் தெரியாது. யாம் கண்ட வீடுகளில் இதுவே வழக்கமாயிருக்கின்றது.

ஆதலால் காரியதரிசியவர்களோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். இக்கூட்டம் முடிந்தபின் தாழ்வாரத்தில் எம் மாணாக்கர் நால்வர் மேசையிட்டு அமர்ந்திருப்பர். நல்ல கையெழுத்து உடையவர்களாகவே தெரிந்தெடுத்துள்ளோம். உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர் எவராயினும் மாத்திரை அட்டையையும், கடைசி ஐ.என்.ஆர். எழுதிய சீட்டையும், வால்வு பொருத்தியவராயின் அதற்குக் கொடுத்த அடையாள அட்டையையும் அவர்களிடம் காட்டுக. பெயர், மருந்து, அளவு, உண்ணும் வேளை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தடித்த அட்டையிற் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு படி தருவர். ஒன்று சட்டைப்பையில் இருக்க, மற்றொன்றை மருமகளிடமோ மகனிடமோ கொடுத்துவைக்க. இன்று மாத்திரை அட்டை கொண்டுவாராதவர்கட்காக, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிமுதல் அதே மேசை மறுபடியும் போடப்படும்.